பத்தியில் உள்ளதும் இல்லாததும்

திருச்சிராப்பள்ளியில் ஒருவர் தம் பிள்ளை இங்கிலீஷ் நன்றாகப் படிக்கும் என்று சொன்னால் அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஆங்கில எழுத்தைத் தடங்கலின்றி உரக்க வாசிக்கும் என்பது ஒன்று. வாசித்ததன் பொருளை அறியும் என்பது மற்றொன்று. பெற்றோர் பெரும்பாலும் முதலாவதைக் கருதியே சொல்கிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வுகளோ இரண்டாவதை மட்டுமே கேட்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் பள்ளத்தில் இறங்கி ஏறும் பிள்ளைகளோடு நாங்கள் சில ஆண்டுகளாகப் பழகி வருகிறோம். அப்பழக்கத்தில் கண்டவற்றுள் சிலவற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

எங்கள் காட்டூர், பால்பண்ணைக்கும் திருவெறும்பூருக்கும் இடையில், தஞ்சைச் சாலையின் மேல் அமைந்த ஊர். 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும் படைக்கலத் தொழிற்சாலையும் இப்பகுதிக்கு வந்தன. அங்கே வேலை பார்த்தவர்களும், ஆலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து தந்த பட்டறைகளில் வேலை பார்த்தவர்களும் குடியேற, ஊர் பெருகிற்று. சாலையில் கிழக்கே போனால் துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். மேற்கே நகருக்குள் போனால், 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்த தூய வளனார் கல்லூரி. இத்தகைய கல்விச்சாலைகளின் நடுவேதான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவற்றின் வாயில்களைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வளர்கிறார்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

எங்கள் அன்பியத்தில் நால்வர் சேர்ந்து இந்த மாலை வகுப்பை நடத்துகிறோம். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றோர் இருவர், வங்கியில் இருந்தவர் ஒருவர், ஆலையில் வரைபடப் பிரிவில் பணியாற்றியவர் ஒருவர். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரை மணிக்கு எங்களுள் ஒருவர் வீட்டு மாடியில் ஆறேழு பிள்ளைகள் கூடுகிறார்கள். கட்டணம் இல்லை. சமயமும் கேட்பதில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருப்பவர்கள். கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு, நினைத்த இடத்திற்கு மாற விரும்புகிறவர்கள்.

மாறுவது எளிதன்று. பட்டயப் படிப்பு முடித்தவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் சேர நம் மாநிலத்தில் வழி உண்டு. கலை, வணிகம், அறிவியல் படிப்போர் வேறிடம் போக வேண்டுமானால் பெரும்பாலும் வாயிற்படியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். தென் கொரியாவில் இரண்டாண்டு படித்தவர்கள் வேறு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற்கு மாறுவதற்கென்றே தனித் தேர்வு உண்டென்றும், பல பல்கலைக்கழகங்கள் அதில் ஆங்கில உரைப்பத்திகளையே பெரிதும் நம்பியிருக்கின்றன என்றும் அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. சியோல் நகரத்துப் பிள்ளையும் காட்டூர்ப் பிள்ளையும் பிறமொழிப் பத்தி ஒன்றின் முன் ஒரே விதமாய்த் திகைத்து நிற்கிறார்கள்!

இங்கே எங்கள் பிள்ளைகள் எழுதுபவை இரண்டு. ஒன்று, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்காக 2022 முதல் நடந்து வரும் பொது நுழைவுத் தேர்வு. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திற்கும் அதன் வழியே செல்லலாம். அத்தேர்வின் மொழித்தாளைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம் என்றாலும், பல படிப்புகளுக்கு ஆங்கிலத் தாளையே கேட்கிறார்கள். தகவல், கதை, இலக்கியம் என மூவகைப் பத்திகள் அதில் வரும். மற்றொன்று, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு. திண்டுக்கல் சாலையில் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் சட்டப் பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருந்தாலும் அதன் கதவு இத்தேர்வின் வழியாகத்தான் திறக்கிறது. தேர்வு முழுவதும் ஆங்கிலம். 2020 முதல் ஆங்கிலப் பகுதி மட்டுமின்றிச் சட்டம், பொது அறிவு, தருக்கம் ஆகியவையும் பத்திகளாகவே வருகின்றன. ஒரு பத்தி ஏறத்தாழ 450 சொற்கள். இரண்டு மணி நேரம், 120 வினாக்கள். வினாவுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டு மகிழ வேண்டா. அந்த நிமிடத்திற்குள்ளேயே பத்தியையும் படித்தாக வேண்டும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும்.

இத்தேர்வுகளுக்கு வரும் பிள்ளை பள்ளியிலிருந்து எதைக் கொண்டு வருகிறது? ஒரு தந்திரத்தைக் கொண்டு வருகிறது. வினாவில் உள்ள பெரிய சொல் ஒன்றைப் பிடித்துக்கொள்வது. அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறதென்று விரலால் தேடுவது. அகப்பட்டதும் அந்த வாக்கியத்தை அப்படியே விடைத்தாளில் இறக்கி வைப்பது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் இது பெரும்பாலும் பலித்துவிடும். பத்தி எதைப் பற்றியது என்று அறியாமலேயே முழு மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். நுழைவுத் தேர்வில் வினாவின் சொல் பத்தியில் இராது. பத்தியின் சொல்லைத் தாங்கி நிற்கும் விடை பெரும்பாலும் பொறியாகவே இருக்கும்.

எங்களிடம் வந்தவர்களுள் ஒரு பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வணிகவியல் முதலாண்டில் சேர்ந்திருந்தாள். சட்டம் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிப்பவள் அவளே. விவிலியத்தின் நீண்ட வாக்கியங்களையும் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி வாசிப்பாள். ஆங்கிலப் பத்தியைக் கையில் கொடுத்தபோதும் அவ்வாறே கணீரென்று வாசித்தாள். கேட்டுக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகள் முகத்தில் மரியாதை தெரிந்தது. வாசித்து முடித்ததும், "என்னம்மா சொல்கிறார் இவர்?" என்று கேட்டோம். அவள் சற்று நேரம் தாளைப் பார்த்தாள். பிறகு, "இன்னொரு தடவை வாசிக்கட்டுமா சார்?" என்றாள்.

அவளிடம் எந்தக் குறையும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் எவரும் அவளை அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். வாசி என்றார்கள்; வாசித்தாள். எழுது என்றார்கள், எழுதினாள். வாசித்ததை உன் சொல்லில் சொல் என்று கேட்கவில்லை. 60 பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்க ஆசிரியருக்கு நேரம் ஏது?

ஆயினும் இந்த நகரத்திற்கு இக்கேள்வி புதிதன்று. இயேசு சபையார் 1599இல் வகுத்துக்கொண்ட கல்வித் திட்டத்தில், மாணவன் பாடத்தைத் தொடுமுன் ஆசிரியர் செய்ய வேண்டியது இன்னதென்று ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆசிரியர் முதலில் பகுதி முழுவதையும் வாசிக்க வேண்டும். பின்னர் அதன் கருத்தைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். அதன் பிறகே வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து விளக்கி, சொற்களுக்கு வர வேண்டும். முழுமையிலிருந்து உறுப்புக்கு வரும் முறை அது. நம் பள்ளிகளில் நடப்பது நேர்மாறானது. கடினச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எதிரே தமிழ்ச் சொல்லை எழுதிப் போடுவதில் பாடம் தொடங்குகிறது. பல வேளைகளில் அங்கேயே முடிந்தும் விடுகிறது. 400 ஆண்டுகளுக்கு முந்திய அந்த முறையைத்தான் எங்கள் மாடியில் கைக்கொண்டோம். முதல் வாசிப்பில் எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்கக் கூடாது. பத்தி முடிந்ததும் ஒரே வாக்கியத்தில், தமிழிலேயே, இவர் என்ன சொல்ல வருகிறார் என்று சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை. ஆங்கிலத் தேர்வுக்குத் தமிழில் பேசச் சொல்கிறீர்களே என்று ஒரு தந்தை குறைப்பட்டார். தன் மொழியில் சொல்ல முடியாததை ஒரு பிள்ளை எந்த மொழியில் அறிந்திருக்க முடியும்?

நம் வீடுகளின் மூத்தோரை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்தது. அதற்கு முன், பீடச் சிறுவர்களாய் நின்ற நம் தந்தையரும் பாட்டனாரும் இலத்தீன் மறுமொழிகளை ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்புவித்தார்கள். பொருள் தெரியாது. பக்திக்குக் குறைவில்லை. அவர்களை எள்ளி நகையாட எங்களுக்கு மனம் வராது. பொருள் தெரியாத மொழியின் முன் பணிந்து நிற்கும் பழக்கம் நம் குருதியில் ஊறியிருக்கிறதோ என்ற ஐயம் மட்டும் எழுகிறது. ஆங்கிலத் தாளைக் கையில் வாங்கும் பிள்ளையின் முகத்தில் அதே பணிவைக் காண்கிறோம். இறைவன் முன் அது அழகு. கடன் பத்திரத்தின் முன் அழகன்று.

திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரச அலுவலர் ஒருவர் தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டை வாசித்துச் செல்கிறார். உரக்கத்தான் வாசித்திருக்க வேண்டும். ஓடி வந்த பிலிப்பின் காதில் அது விழுகிறது. அரசியின் நிதிக்கே பொறுப்பான பெரிய மனிதர் அவர். பிலிப்பு அவரிடம் பொருள் புரிகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்வியால் அவர் சினம் கொள்ளவில்லை. வழிகாட்ட ஆளில்லையே என்று ஒப்புக்கொண்டு, தேரில் ஏறித் தம் அருகில் அமரும்படி அழைக்கிறார். எங்களுக்குப் பிடித்த இடம் இந்த அருகில் அமர்தல்தான். பிலிப்பு வழியோரத்தில் நின்று விளக்கவுரை ஆற்றவில்லை. அதே தேரில், அதே குலுங்கலில், அதே ஏட்டைப் பார்த்துக்கொண்டு விளக்கினார்.

அருகில் அமர்ந்து பார்த்தால்தான் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பது தெரிகிறது. நாங்கள் எண்ணியதுபோல் கடினமான சொற்களில் அன்று. சின்னஞ்சிறு சொற்களில். உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பற்றி நாங்களே ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தோம். சோழர் காலத்து வாய்க்கால். எங்கள் பகுதி வயல்களுக்கு உயிர் கொடுத்தது. பிள்ளைகள் நாள்தோறும் பார்ப்பது. உழவர்கள் இப்போது அந்நீரைப் பயன்படுத்துவதே அரிது என்ற பொருளில் 'ஹார்ட்லி' என்ற சொல்லை இட்டிருந்தோம். ஆறு பிள்ளைகளில் நால்வர், உழவர்கள் அந்நீரைக் கடுமையாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினார்கள். 'ஹார்ட்' என்றால் கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததே கவிழ்த்துவிட்டது. 'அன்லெஸ்', 'தோ', 'நாட் அன்டில்' ஆகியவையும் இத்தகையவையே. பார்வைக்குப் பூனைக்குட்டி; வாக்கியத்தையே தலைகீழாகத் திருப்பும் வலிமை அவற்றிற்கு உண்டு.

இதற்குத் தமிழிலிருந்தே ஒரு வழி கிடைத்தது. 'மழை பெய்தால் போவேன்' என்றும், 'மழை பெய்தாலும் போவேன்' என்றும் எழுதி, என்ன வேறுபாடு என்று கேட்டோம். நாலு வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். ஓர் 'உம்' வந்து ஏறியவுடன் எதிர்பார்ப்பு கவிழ்ந்து போகிறது. தமிழ் இதைச் சொல்லின் வாலில் கட்டுகிறது. ஆங்கிலம் தனிச் சொல்லாக்கி வாக்கியத்தின் தலையிலோ இடுப்பிலோ வைக்கிறது. நம் வினைமுற்று கடைசியில் வந்து, வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதையும் சொல்லிவிடும். அதற்காகக் காத்திருந்து பழகிய மனம், ஆங்கிலத்தில் செய்தவரும் செயலும் முன்னாலேயே வந்து போனதைக் கவனியாமல், வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இதை விளக்கிய அன்று அந்தப் பெண், "அப்போ இங்கிலீஷை முன்னாலிருந்து கேட்கணும், தமிழைப் பின்னாலிருந்து கேட்கணும், அப்படித்தானே சார்?" என்றாள். இலக்கண ஆசிரியர் ஒப்புவாரோ மாட்டாரோ, எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

சிறு சொல்லின் வலிமை தேர்வுக் கூடத்திற்கு வெளியேதான் முதலில் மெய்ப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவள் தந்தையின் ஆட்டோவுக்குக் கடன் தந்த நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. இரண்டு தவணை நிலுவை. கடிதம் வந்த நான்காம் நாள் ஆட்கள் இருவர் வந்து, வண்டியை இன்றே ஒப்படைக்க வேண்டும், கடிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று சத்தமிட்டார்கள். தந்தை சாவியை எடுக்க உள்ளே போய்விட்டார். மகள் கடிதத்தை வாங்கி வாசித்தாள். கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் நிலுவையைச் செலுத்த வேண்டும் என்பது முன்பாதி. 'ஃபெயிலிங் விச்' என்று தொடங்கியது பின்பாதி. அவள் அதைத் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொன்னாள்: பதினைந்து நாளுக்குள் கட்டத் தவறினால்தான் வண்டியை எடுப்பார்களாம், இன்று நாலாம் நாள். வந்தவர்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தாயின் தோடும் வளையலும் அடகுக்குப் போய்ப் பதினோராம் நாள் நிலுவை கட்டப்பட்டது. வண்டி நிலைத்தது. அடுத்த வியாழக்கிழமை அவள் அந்தக் கடிதத்தையே வகுப்புக்குக் கொண்டு வந்து, இதைப் பயிற்சிப் பத்தியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அன்றைய மாலை முழுவதும் அதற்கே போயிற்று.

சிறு சொற்களைக் கடந்த பிள்ளைகளையும் வீழ்த்தும் பொறி ஒன்று உண்டு. அதுதான் எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது. உய்யக்கொண்டான் பத்தியில் நாங்கள் சொல்லியிருந்ததெல்லாம் வாய்க்கால் எப்படி இருந்தது, நகரம் வளர வளரக் கழிவுநீர் எப்படிக் கலந்தது, பாசனம் எப்படிச் சுருங்கியது என்பவையே. பத்தியின் மையக் கருத்து எது என்று கேட்டு நான்கு விடைகள் தந்தோம். அவற்றுள் ஒன்று: நீர்நிலைகளைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை. ஆறு பேரும் அதையே குறித்தார்கள். பத்தியில் அப்படி ஒரு வரியும் இல்லை. காட்டச் சொன்னோம், தேடினார்கள், கிடைக்கவில்லை. "ஆனால் அது சரிதானே சார்?" என்று ஒரு பையன் கேட்டான். சரிதான். உலகத்தில் சரி, பத்தியில் இல்லை.

கெட்ட பிள்ளைகள் இந்தப் பொறியில் விழுவதில்லை, நல்ல பிள்ளைகளே விழுகிறார்கள் என்று எங்களுள் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். சிறு வயது முதல் கட்டுரைப் போட்டிகளிலும் மறைக்கல்வி வகுப்பிலும் நற்கருத்தைச் சொன்னால் மதிப்பெண் உண்டு என்று கற்றவர்கள். எழுதியவர் என்ன சொன்னார் என்று கேட்டால், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் வாய் திறப்பதற்குள் அவர் சொல்லப்போவது தெரியும் என்று முடிவு கட்டிவிடுகிற பழக்கம் இது. வீடுகளிலும் பங்குப் பேரவைகளிலும் பெரியவர்களாகிய நாம் இதில் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

எனவே டிசம்பர் நெருங்கிய ஒரு நாள் ஆங்கிலத்தை ஒதுக்கி வைத்தோம். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தைத் திறந்து, மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை ஒரு பிள்ளையை வாசிக்கச் செய்தோம். ஞானிகள் எத்தனை பேர்? மூவர் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்து வீட்டுப் பிள்ளையும் சொன்னான். ஆண்டுதோறும் எங்கள் தெருக் குடிலில் அவன் பார்ப்பது மூவரைத்தானே! எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றோம். காணிக்கைகள் மூன்று இருந்தன. ஞானிகளுக்கு எண்ணிக்கை இல்லை. அடுத்து லூக்கா 15. ஊதாரி மைந்தனின் அண்ணன் இறுதியில் விருந்துக்கு உள்ளே போனானா? போனான் என்றார் மூவர்; போகவில்லை என்றார் இருவர்; தந்தை சொன்ன பிறகு போகாமலிருப்பானா என்று வாதிட்டார் ஒருவர். அந்தப் பெண் மட்டும் பேசாமல் வசனங்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, "சொல்லவில்லை" என்றாள். பிறகு, "ஏன் சார் சொல்லாமல் விட்டார்?" என்று கேட்டாள். இல்லாததை இல்லையென்று கண்ட பிறகுதான் அந்தக் கேள்வி பிறக்க முடியும். போனான் என்று தானே எழுதி முடித்துவிட்டவர், வாசலில் நிற்கும் அந்த அண்ணனைப் பார்ப்பதே இல்லை.

இதைக் கேள்வியுற்ற பங்கின் பெரியவர் ஒருவர் வருந்தினார். நற்செய்தியைத் தேர்வுத் தாளாக்கலாமா என்பது அவர் மனத்தாங்கல். அவரிடம் மரியாதையாக ஒன்று சொன்னோம். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவியான இரண்டாம் கிகோ இறைவாசிப்பை நான்கு படிகளாக வகுத்தபோது வாசிப்பையே முதற்படியாக வைத்தார். தியானமும் செபமும் ஆழ்நிலைக் காட்சியும் அதற்குப் பின்னரே. முதற்படியில் காலூன்றாமல் மூன்றாம் படிக்குத் தாவுகிறவர் தம் எண்ணத்தோடுதான் பேசிக்கொண்டிருப்பார். பெரியவர் முழுவதும் உடன்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் மறுவாரம் வந்து மாடியில் ஓர் ஓரத்தில் அமர்ந்து கேட்டார்.

எழுத்தில் இல்லாததை ஏற்றுவது ஒரு குறை. எழுத்தை மட்டும் கட்டிக்கொண்டு அழுவது மறு குறை. அதற்கு வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் சீடர்களைவிட நல்ல சான்று வேறெங்கே கிடைக்கும்? கீழே விழுந்தால் எடுக்க வேண்டிய பொருள்களுக்குப் பட்டியல் வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். குருவே குதிரையிலிருந்து பள்ளத்தில் விழுந்தபோது, பட்டியலில் குருவின் பெயர் இல்லையே என்று கைகட்டி நின்றார்கள். வினாச் சொல்லைப் பத்தியில் தேடி வரியை இறக்கி வைக்கும் பிள்ளையை நாங்கள் செல்லமாய்ப் பரமார்த்த குருவின் சீடன் என்று அழைப்பதுண்டு. இக்கதையை எழுதியவர் 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதுக்குப் பின் தமிழ் நிலத்திற்கு வந்து, நம் நூல்களைப் படித்துப் பொருள் கண்டு, 1732இல் சதுரகராதியைத் தந்தவர். பிறமொழி உரையின் முன் திகைத்து நிற்றல் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும். அகராதி செய்தவரே வெறும் சொல்லைப் பிடித்துக்கொண்டோரை நகையாடிக் கதையும் செய்தார் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் கண்கள் விரிகின்றன.

2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கிளாட் தேர்வு நாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறாக அமைந்தது. 2024 டிசம்பர் 1 அன்று காலைத் திருப்பலியில் முதல் வாசகத்தை வாசித்துவிட்டு, பிற்பகல் இரண்டு மணித் தேர்வுக்கு அந்தப் பெண் தந்தையின் ஆட்டோவிலேயே போனாள். விண்ணப்பக் கட்டணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அவ்வாண்டு பொதுவாக 4,000 ரூபாய். பட்டியல் இனத்தவர்க்கு 3,500 ரூபாய். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் நம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இனத்தவர் என்ற நிலை கிடையாதென்பது இவ்விதழ் வாசகர்கள் அறிந்ததே. பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைக்கு 3,500 என்றால், அதே தெருவில் இருக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கு 4,000. தொகை சிறிதுதான். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது பிள்ளை நம்மை நிமிர்ந்து பார்க்கிறதே, அப்பார்வைக்கு விடை சொல்வது எளிதாக இல்லை. கட்டணத்தை அன்பியம் ஏற்றுக்கொண்டது.

அவளுக்கு நாவலூரில் இடம் கிடைக்கவில்லை. ஆங்கிலப் பகுதியில் நன்றாகவே எழுதியிருந்தாள். நேரம் போதாமல் கடைசி நான்கு பத்திகளைத் தொடவே முடியவில்லை. பொருள் அறிந்து படிக்கத் தொடங்கி ஓராண்டு ஆன பிள்ளைக்கும், நான்கு வயதிலிருந்து ஆங்கிலக் கதை நூல்களோடு தூங்கிய பிள்ளைக்கும் ஒரே கடிகாரம்தான் ஓடுகிறது. இதற்கு எங்களிடம் மருந்து இல்லை. மறு ஆண்டு பொது நுழைவுத் தேர்வு எழுதியவர்களில் ஒரு பையன் திருவாரூருக்குப் போனான். போய்ச் சேர்ந்த வாரமே, விடுதிச் சாப்பாட்டில் காரம் போதவில்லை என்று தொலைபேசியில் சொன்னான். அந்தப் பெண் மீண்டும் எழுத விரும்பவில்லை. வணிகவியலை முடித்துவிட்டு, திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வதாகச் சொல்லிவிட்டாள். நல்ல முடிவென்றே எங்களுக்குப் படுகிறது.

செவ்வாய்க்கிழமைகளில் இப்போதும் வருகிறாள், மாணவியாக அன்று. புதிதாக வந்த பிள்ளைகளின் அருகே அமர்ந்து, விடைகள் நான்கின் மேலும் ஒரு பழைய திருமண அழைப்பிதழை வைத்து மறைத்துக்கொள்கிறாள். "முதலில் இதைப் பார்க்காதே. அவர் என்ன சொல்கிறார், உன் வாயால் சொல்லு," என்கிறாள். பிள்ளை விழிக்கிறது. அவள் அவசரப்படுத்துவதில்லை. அழைப்பிதழ் அப்படியே இருக்கிறது.